ஆதாரம் கேட்ட கனகா

காற்றிலேயே உப்பு இருக்கும். வகுப்பில் உட்கார்ந்து உதட்டை நக்கினால் கரிக்கும்... சாக்பீஸ்கூட நமுத்துப் போய், போர்டில் பாதி எழுத்து விழும், பாதி விழாது. மரக்காணத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ரூம் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தால் உப்பளம்.

அந்த வருஷம்தான் ஹிஸ்டரிக்கு ஏழுமலை சார் புதிதாக வந்தார். திண்டிவனம் பக்கத்துக்காரர், சின்ன வயசு. அதுவரை எங்களுக்கு ஹிஸ்டரி என்றால் கைடில் பென்சிலால் கோடு போடுவது. அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் புத்தகத்தையே தொடவில்லை. "நேத்து சாயங்காலம் கிரவுண்டுல சண்டையாமே, யாருப்பா முதல்ல கை வெச்சது?" என்றார். மூன்று பேர் எழுந்து மூன்று கதை சொன்னார்கள். மூன்றாவது கதையில் அடி வாங்கியவனே அடித்தவனாகிவிட்டான்! கிளாஸே சிரித்தது, சாரும் சிரித்தார்.

"இதாம்பா ஹிஸ்டரி. ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா ஆதாரம் என்னன்னு கேளுங்க. யாரா இருந்தாலும் கேளுங்க."

யாரா இருந்தாலும்... நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கனகா எடுத்துக்கொண்டாள்.

கனகா என் பக்கத்தில் உட்காருபவள். அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. என் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

சார் ஒரு ஹோம்வொர்க் கொடுத்தார். ஊரில் ஏதாவது ஒன்று எப்படி வந்தது என்று இரண்டு பேரிடம் கேட்டு வரவேண்டும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த கதையை நான் கேட்டேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கனகா, உப்பளத்தை யார் வெட்டியது என்று கேட்கப் போனாள்.

முதலில் அவள் அப்பா. "முள்ளுக்காடா கெடந்ததும்மா. எங்க தாத்தாவும் நம்ம தெருக்காரங்களும் சேந்து வெட்டினது," என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது ஆள், அளத்து முதலாளி.

பொங்கல் கழிந்து முதல் உப்பு வாரும் நாளில் அங்கே பாத்தி வரப்பில் சூடம் ஏற்றிக் கும்பிடுவார்கள். எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் உண்டு, நானும் அதற்காகத்தான் போயிருந்தேன். கும்பிட்டு முடித்ததும் முதலாளி, தன் தாத்தா ஒத்தை ஆளாக இந்த அளத்தை வெட்டிய கதையைச் சொல்வார். வருஷா வருஷம் அதே கதை. வேலைக்காரர்கள் "ஆமாங்க, ஆமாங்க" என்பார்கள். அதுவும் அந்தப் பூசையில் சேர்த்திதான்.

அன்றைக்கும் சொன்னார். "ஆமாங்க" வருவதற்கு முன்னால் கனகா குரல் வந்தது.

"எங்கப்பா வேற மாதிரி சொல்றாருங்க. எங்க தெருக்காரங்கதான் சேந்து வெட்டினாங்களாம். நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்குதுங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள், பாவி. வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்... வெளிறிப் போயிருந்தது.

முதலாளி கோபப்படவே இல்லை. "நல்லா படிக்கிறியே!" என்று சிரித்தார். அவள் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைக்கச் சொன்னார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலை மேஸ்திரி அவள் அப்பாவைப் பாத்தியில் இறங்க விடவில்லை. "ஆதாரம் கேக்குற அளவுக்கு வந்துட்டீங்க. வேற எடம் பாத்துக்கோப்பா."

கனகாவுக்கு அது ஹோம்வொர்க். முதலாளிக்கு அது நிலத்தில் பங்கு கேட்டது மாதிரி. பக்கத்து அளங்களிலும் அவள் அப்பாவைச் சேர்க்கவில்லை. முதலாளிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம், சொல்லவா வேண்டும்!

ஏழுமலை சார் முதலாளி வீட்டுக்குப் போனார். "சின்னப் பொண்ணுங்க, நான்தாங்க கேட்டு வரச் சொன்னேன்," என்று கைகட்டி நின்றாராம். "உங்க மேல ஒரு கோவமும் இல்ல சார், காபி சாப்பிடுங்க," என்றாராம் முதலாளி. கிடைத்தது காபி மட்டும்தான்.

கனகா குடும்பம் சென்னைக்கு பஸ் ஏறியது, கட்டட வேலைக்கு. பெஞ்சில் என் பக்கம் காலி. அடுத்த ஹிஸ்டரி பீரியடில் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டேதான் நடத்துவார். "கைடை எடுத்துக்குங்க. ரெண்டாவது கேள்வி, கோடு போட்டுக்குங்க," என்றார். வருஷம் முடியும்வரை கோடுதான் போட்டோம்.

போன வருஷம் பாண்டிச்சேரி பஸ்ஸில் கனகாவைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தாள். துணிக்கடையில் வேலையாம். பத்தாவதுகூட எழுதவில்லை. நான் டீச்சர் வேலை பார்க்கிறேன் என்றேன்.

"என்னடி, டீச்சரா! என்ன சப்ஜெக்ட்?"

ஹிஸ்டரி என்று சொல்ல வாய் வரவில்லை. சோஷியல் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு பேச்சு அவள் அப்பாவிடம் வந்தது.

"எங்கப்பா சாவுற வரைக்கும் ஏம்மா அப்படிக் கேட்டன்னு என்னை ஒரு வார்த்தை திட்டலடி. ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட ஆறியிருக்கும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய...

இப்போது கிளியனூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, கோட்டையும் கோயிலும் வீடியோவில் வரும். முதல் நாள் வகுப்பில் நானும் ஏழுமலை சார் மாதிரி சண்டைக் கதை கேட்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுவரைக்கும் எல்லாம் அப்படியேதான்.

இந்த ஜூனில் ஒரு பெண் கை தூக்கினாள். கண்ணெல்லாம் ஆர்வம். "மிஸ், எங்கப்பா வேலை செய்ற நெலம் முன்னாடி யாருதுன்னு கேட்டு எழுதட்டுமா?"

"வேணாம்மா," என்றேன். "ராஜாவைப் பத்தி எழுது. ராஜாகிட்ட உங்கப்பா வேலை பாக்கல இல்ல."