போர்வை போட்ட தறி

டென்மார்க்கிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். ஆசியாவில் தொழில்கள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்க்கும் இரண்டு வாரப் பயணம். வியட்நாமை முடித்துவிட்டுச் சென்னையில் இறங்கியிருந்தார்கள். அதில் ஒரு நாள் ஆரணிக்கு. எம்.பி.ஏ. வகுப்பில் ஆரணிப் பக்கம் என்றால் நான் ஒருத்திதான், போளூர்க்காரி. மொழிபெயர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

கொடுத்தார்கள் என்பது முழு உண்மையில்லை. நானே போய்க் கேட்டு வாங்கினேன். அவர்களோடு வந்த பேராசிரியைதான் அடுத்த ஆண்டு ஒரு பருவம் தங்கள் ஊருக்கு வந்து படிக்க எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று வகுப்பில் பேச்சு. பஸ் பூந்தமல்லி தாண்டும்போதே எனக்கு உட்கார முடியவில்லை. பொட்டலத்தில் இருந்த இட்லியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன். பேராசிரியை சிரித்தால் நானும் சிரித்தேன். அவர் வெளியே பார்த்தால், என்ன பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

காலையில் ஓர் அரிசி ஆலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நெசவாளர் வீடு. நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் தறி போட்டிருந்த அறை சின்னது. பன்னிரண்டு பேரும் சுவரோரமாக ஒட்டி நின்றார்கள். தறியில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் உள்ளே வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. அவர் நெய்துகொண்டிருந்த சேலையின் கரையில் நான் எங்கும் பார்த்திராத ஒரு கொடி ஓடியது. இலைக்கு இலை வேறு வளைவு. பையன் ஒருவன் குனிந்து அதையே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தொழிலில் உங்களுக்கு இருக்கிற பெரிய பிரச்சினை என்ன?" ஒரு மாணவி கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிரச்சினையா? தோ, இதாம்மா பிரச்சினை. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துகினு போறாங்க. அடுத்த மாசம் அதே டிசைன் எவனோ பவர்லூம்ல ஓட்டிகினு கீறான். இந்தக் கரைய நானே உக்காந்து வரைஞ்சேன். இன்னும் கடைக்கே போவல. மொதல்ல போன உள்ள வெக்கச் சொல்லு, அப்புறம் பேசறேன்."

விருந்தாளிகளைப் பார்த்துப் போனை உள்ளே வை என்று எப்படிச் சொல்வது? பேராசிரியை கையிலும் போன் இருந்தது. "விசைத்தறிகளின் போட்டி சவாலாக இருக்கிறது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

அவர் காத்திருந்தார். ஒரு போன்கூட உள்ளே போகவில்லை.

"சொன்னியாம்மா?"

"சொல்லிட்டேன் அக்கா."

"சொல்லி இருந்தா இன்னாத்துக்கு இன்னும் எடுத்துகினு கீறாங்க?"

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் தறியிலிருந்து எழுந்தார். துணிக்கொடியில் கிடந்த போர்வையை இழுத்து, சேலை, கரை எல்லாம் மறையும்படி தறிமேல் விரித்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "நோ போட்டோ" என்றார்.

பேராசிரியை என்னிடம், "அவர் உண்மையில் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். இலைகளை அவரே வரைந்தது, சேலை இன்னும் கடைக்குப் போகாதது, நான் மறைத்தது, எல்லாம். என் ஆங்கிலம் அன்றைக்குப் போல எப்போதும் தடுமாறியதில்லை. பேராசிரியை முதலில் தன் போனில் இருந்த படங்களை அழித்தார். மற்றவர்களும் அழித்தார்கள். குனிந்து படம் எடுத்த பையன் அதை ஏற்கெனவே இணையத்தில் போட்டிருந்தான். காது வரை சிவந்துபோய் அதை நீக்கிவிட்டு, அவரிடமே போனை நீட்டிக் காட்டினான். அவர் வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப கேக்கச் சொல்லு. ஆனா நீ இங்கிலீஷ்ல இன்னா சொல்றியோ, அத எனக்குத் தமிழ்ல ஒருக்கா திருப்பிச் சொல்லணும்."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு பதிலும் மூன்று முறை அறையைச் சுற்றி வந்தது. இரண்டு இடத்தில் அவர் என்னைத் திருத்தினார். வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் சேலை காட்டுவதைப் பற்றி, எந்தக் கரையை யாருக்குக் காட்டக் கூடாது என்பதைப் பற்றி, நிறையச் சொன்னார். எங்கள் ஆசிரியர் வாசலில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யாரும் நகரவில்லை. கிளம்பும்போது மணி ஐந்தரை. போர்வையை அவர் கடைசி வரை எடுக்கவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் அந்த இடம் பிறகு என் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் போனது. ஒரு வாரம் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் அதெல்லாம் தெரியாது. ஆற்காடு நெருங்கும்போது பேராசிரியை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில் ஆலைக்காரர் சொன்னதில் எதை விட்டீர்கள்?"

ஆலைக்காரர் பேச்சை, 'நீங்கள் வந்ததில் மிகவும் மகிழ்ச்சி' என்று நான் சுருக்கியிருந்தேன். அவர் சொன்னது இது: "ஒரே பேஜாரு. வருசா வருசம் படிக்கிற பசங்க வந்து இதே கேள்வி கேக்கறாங்க. போய் இன்னா எழுதினாங்கன்னு ஒருத்தரும் எனக்கு அனுப்பினதில்ல. இவங்களாவது அனுப்புவாங்களான்னு கேளும்மா."

அதைச் சொன்னேன். "எழுந்து இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியை. பஸ் ஆடிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.