அகலமான புகைக்குழாய்

பேரீச்சம்பழச் சாறு அடிப்பிடிக்கும் வாசனை. அஜ்மானில், எங்கள் கட்டடத்தின் மாடிப்படி வழியாக, யார் வீட்டு அடுப்பிலிருந்தோ இன்று மாலை இறங்கி வந்தது. எழுந்து போய் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். என் வீட்டில் எதுவும் எரியவில்லை. இருந்தும் திறந்தேன்.

பல வருடங்களுக்கு முன்பு, நான் சிறுமி. அல் ஐனில் இருந்தோம். அப்பாவுக்கு ஏசி டக்ட் செய்கிற வேலை. தகரத்தை மடித்து, குளிர்காற்று ஓடும் பெருங்குழாய்களாக்குவார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊருக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோப்பில் இருந்தார். அவருடைய விசா முடியப்போகிறது. தோப்புக்கார அரபி சொல்லிவிட்டார்: பழச்சாற்றைக் காய்ச்சி நல்ல பாகாக்கிக் காட்டு, இங்கேயே இரு, இல்லையென்றால் கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ. சனிக்கிழமை காலை ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

தகரக் கொட்டகைக்குள் மாமா செங்கல் அடுப்பு கட்டி, மேலே அகலமான எவர்சில்வர் தட்டைப் பொருத்தினார். புகைக்குழாய் அப்பாவின் பொறுப்பு. சைட்டில் மிஞ்சிய டக்ட் ஒன்றைப் பிக்கப்பில் கட்டிக் கொண்டுவந்தார். அடுப்பின் வாய் ஒரு சாண்தான். குழாய்க்குள்ளோ நான் ஊர்ந்தே போகலாம்.

"என்ன அத்தான், அடுப்புக்கு யானைத் தும்பிக்கையா வைக்கிய?" என்றார் மாமா.

"லேய், பைப்பு பெருசா இருந்தாத்தாம்ல காத்து லேசா ஓடும். இத்தன வருசமா நான் என்ன செய்யுதேன்?"

குளிர்காற்றைத் தள்ள விசிறி உண்டு. புகையைத் தூக்கச் சூட்டைத் தவிர யாருமில்லை. அகலத்தில் அந்தச் சூடு ஆறிவிட்டால் புகை நடுவழியில் நின்றுவிடும். அப்பாவின் கை குளிரை மட்டுமே அளந்து பழகிய கை.

நிமிர்த்துவதற்கு முன் குழாய்க்குள் தலையை விட்டு "மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்த குரல் என்னுடையதாக இல்லை.

வெள்ளி மதியம் ஓலையும் மட்டையும் போட்டு மூட்டினார்கள். புகை கொஞ்சம் ஏறியது. நின்றது. பிறகு எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல் இறங்கி வந்து கொட்டகையெங்கும் தடவித் தேடியது. வெளியே காற்று கிளம்ப, குழாய் முனக ஆரம்பித்தது; இழுத்த மூச்சை விடாமல் வைத்திருக்கும் முனகல். மட்டை போடுவதை நிறுத்திவிட்டு அடுப்புக்கரியைக் கொட்டியதும் புகை அறவே நின்றது.

"பாத்தியாலே, சரியாப் போச்சு," என்றார் அப்பா.

மாமாவின் முகம் சிவந்து பளபளத்தது. கிண்டிக்கொண்டே நெற்றியைப் பிடித்து என் பக்கம் திரும்பினார். "குழாய்க்குள்ள யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு மக்களே. ஒனக்குக் கேக்கா?"

கேட்டது. தலையாட்டினேன்.

"காலையிலேருந்து சாப்புடாம நின்னா கர்த்தரே கூப்புடுவாரு," என்று அப்பா சிரித்தார். எனக்கும் தலை வலித்தது. இனிப்பு வாசனையால் என்று நினைத்துக்கொண்டேன்.

சர்ச்சில் மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. என் கவுனிலிருந்த சாம்பலை அப்பா தட்டிவிட்டார். மாமா வரமுடியாது, பாகு பதத்துக்கு வரும் நேரம், கையெடுத்தால் கருகிவிடும்.

புகையும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் கரியிலிருந்து ஒரு நஞ்சு எழும் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. மறுநாள் காலை அந்த அரபி வந்து கதவைத் திறந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தட்டில் பாகு கருகிக் கல்லாகியிருந்ததாம். மாமா சுவரில் சாய்ந்து, தூங்குகிறவரைப் போல இருந்தாராம். அப்பா அதன்பின் தகரத்தைத் தொடவில்லை.

ஆனால் அந்த மாலையில் கொட்டகை எவ்வளவு தெளிவாக இருந்தது! புகை ஒரு இழைகூட இல்லை. கரி மட்டும் சிவப்பாகச் சுவாசித்துக்கொண்டிருந்தது. வாசலில் மணல் சுழன்றது. நாங்கள் வெளியே கால் வைத்ததும் மாமா கரண்டியை உயர்த்திக் குரல் கொடுத்தார்.

"கதவ நல்லா சாத்திட்டுப் போங்க அத்தான். பாகுல மண்ணு விழும்."