டெனிஸ் ஹூரிகன் வீட்டு நெருப்பு

மெல்பர்னில் நான் டிராம் கண்டக்டராக இருந்த நாலு வருடமும் என் வண்டியை ஓட்டியவர் டெனிஸ் ஹூரிகன். அயர்லாந்துக்காரர், அறுபது வயது, தனிக்கட்டை. தன் சொந்த ஊரான கில்மொய்லைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு கடை. அந்த ஒரே கடையில் சீனி வாங்கலாம், பியர் குடிக்கலாம், செத்தால் பெட்டியும் வாங்கலாம். "மழை நிண்டால் ஊர்வம்பு தொடங்கும், வம்பு நிண்டால் மழை தொடங்கும்," என்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழில் கப்பலேறியவர் ஒரு தடவைகூட அங்கே திரும்பிப் போனதில்லை.

எழுபத்தாறு குளிர்காலத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் கில்மொய்லில் பக்கத்து வீட்டுக்காரி நோரா.

அந்த ஊரில் அடுப்பு நெருப்பை அணைய விடமாட்டார்களாம். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகளைத்தான் விறகாக எரிப்பார்கள். படுக்கப் போகும்போது தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி எடுப்பார்கள். டெனிஸ் வீட்டு நெருப்பு அவருடைய பூட்டன் காலத்திலிருந்து எரிவது. வீட்டிலிருந்த அண்ணன் இறந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து ஆளில்லாத அந்த வீட்டுக்குத் தினம் இரண்டு தடவை போய் நெருப்பைக் காத்தவள் நோரா. இப்போது அவளுக்கு முழங்கால் ஏலாது, மகனோடு பட்டணத்துக்குப் போகிறாள். நெருப்பை என்ன செய்வது என்று கேட்டிருந்தாள்.

"நெருப்புத்தானே, அணைக்கச் சொல்லுங்கோ," என்றேன். என் வாய்க்கு எப்போதும் பூட்டில்லை.

"ஓம் மகாதேவன், அதைத்தான் சொல்லப்போறன்," என்றார். ஆனால் அன்று இரண்டு தரிப்பில் வண்டியை நிறுத்தவே மறந்துவிட்டார். சனம் என்னைத்தான் ஏசியது.

நோரா வீட்டில் போன் இல்லை. பதில் கடிதத்தில் நாள் குறித்து, அவளை அங்கத்தைய தபால் நிலையத்துக்கு வரச்சொல்லிப் போனில் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அணைச்சு விடு, நோரா!" என்று கத்தினார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மாட்டாளாம்," என்றார் போனை வைத்துவிட்டு. "ஒரு வீட்டு நெருப்பை அந்த வீட்டு ஆள்தான் அணைக்க வேணுமாம். நான் வரட்டுமாம்."

ஒரு நெருப்பை அணைக்க அவர் பிளேன் ஏறியதைச் சொல்லி டிப்போவே சிரித்தது. நானும் சிரித்தேன். இனித் திரும்பி வரமாட்டாரோ என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

மூன்று கிழமையில் திரும்பி வந்துவிட்டார். டிப்போவில் தேநீர் குடிக்கும்போது, "அணைச்சாச்சோ?" என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்த மனம் வரேல்லை. அதிலை தேத்தண்ணி வைச்சு ஊர்ச்சனம் எல்லாருக்கும் குடுத்தன். அண்டைக்குப் படுக்கேக்கை சாம்பல் போடாமல் விட்டன், அவ்வளவுதான். விடிய எழும்பிக் கை வைச்சுப் பார்த்தன். அடுப்புக்கல்லு குளிர்ந்துபோய்க் கிடந்தது."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நோராவும் வழக்கமான நேரத்துக்கு வந்திட்டாள், பழக்கதோசம். அடுப்பைக் கண்டவுடனை அழத் தொடங்கினாள். நானும் பக்கத்திலை இருந்து அழுதன். அண்ணனுக்கு அழாததையும் சேர்த்துத்தான் அழுதன், மகாதேவன்."