நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

பத்தொன்பது வருடமாகச் சட்டைக் காலர் தைத்துத் தைத்து, சொந்தப் பெயரே மறைந்துபோனவள் காலர் அக்கா. அவளுடைய தையல் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மர டோக்கன். அதைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

தொழிற்சாலையில் அரசு ஆய்வு நடந்த அன்று, டோக்கன் மாட்டும் ஆணியில் திடீரென்று ஐந்து டோக்கன்கள் தொங்கின. அன்று காலையில்தான் டோக்கன் கேட்டுப் போன பக்கத்து மெஷின்காரி, சூப்பர்வைசரிடம் "இப்பதானே போயிட்டு வந்தே? குழாயைத் தொறந்தே வச்சிருக்கியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள்.

"ஏதாவது குறை இருக்கா?" என்று ஆய்வாளரம்மா கேட்டார். முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன. காலர் அக்கா மட்டும் நிமிர்ந்தாள்.

"மத்த நாள்ல ஒண்ணுதான் மேடம். இந்த நாலும் உங்களைப் பார்க்க வந்திருக்கு."

ஆய்வாளரம்மா சிரித்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார்.

அடுத்த வாரம் டோக்கனே இல்லை. அந்த இடத்தில் ஒரு நோட்டு: பெயர், போன நேரம், வந்த நேரம். சாயங்காலம் சூப்பர்வைசர் அதை மைக்கில் வாசித்தார்.

"காலர் அக்கா, ஒம்போது நிமிஷம். உள்ளே உக்காந்து காலர் தைச்சீங்களா?"

இஸ்திரி போடும் ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

பக்கத்து மெஷின்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியேக்கா. முன்னாடி அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரியும். இப்ப ஊருக்கே தெரியுது."

உனக்காகத்தானே பேசினேன் என்று வாய்வரை வந்ததைக் காலர் அக்கா விழுங்கிக்கொண்டாள். மறுநாள் முதல் வேலை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. நோட்டில் அவள் பெயரும் வருவதில்லை. ஒரு நாள் சூப்பர்வைசர் அதையும் மைக்கில் பாராட்டினார்.