இரண்டு கிரில் கதவுகள்

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டில் திருட்டு நடந்தது. பயந்துபோய் எங்கள் வாசலுக்கு இரும்பு கிரில் கதவு போட்டேன். எதிர்வீட்டு மொபைல் கடைக்காரர், "இன்னா சார், எங்களப் பாத்து பயமா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவரும் அதைவிடக் கனமான கதவைப் போட்டார். நான் இரண்டாவது பூட்டு வாங்கினேன்.

கல்லூரியில் அரசியல் படித்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "இதுக்குப் பேரு பாதுகாப்புச் சிக்கல்ப்பா. ஒரு நாடு பயந்துபோய் ஆயுதம் சேக்கும். அதப் பாத்து பயந்து பக்கத்து நாடும் சேக்கும். கடைசில ரெண்டுக்கும் பயம்தான் ஜாஸ்தியாகும்."

ஒரு மாலை அவளுக்கு ஆஸ்துமா முற்றி மூச்சு திணறியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக் கதவை வேகமாகத் தள்ளினேன். என் கூச்சல் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அவரும் தன் கதவைத் தள்ளினார். குறுகிய நடைவழியில் இரண்டும் மோதி, ஒன்றின் கம்பியில் மற்றதன் தாழ் மாட்டிக்கொண்டது. கம்பிக்குப் பின்னால் அவர், கம்பிக்குப் பின்னால் நாங்கள். மகளின் உதடு நீலம் பாரித்தது.

"நீ உள்ள இஸ்துக்க சார், நான் தூக்கறேன்" என்றார். ஒருவழியாக விடுபட்டது. ஆட்டோ பிடித்ததும் அவர்தான். மகள் பிழைத்தாள்.

கதவுகளை இன்னும் இருவருமே கழற்றவில்லை. "தொறக்கறேன்" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே வெளியே வருகிறோம்.