பெற்றவள் சொன்ன பீலா

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. கவலைப்பட அந்தப் படிப்பே தாராளம்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு வேலை. பழம் பறிக்க ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பார்கள். அவர்களில் பிள்ளை பெற்ற பெண்களைப் போய்ப் பார்த்து, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, குழந்தை பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்ததா என்று ஏற்காடு ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும். குழந்தை தூங்கினால் ஏன் தூங்குகிறது என்று பயப்படுவேன். அழுதால் ஏன் தூங்கவில்லை என்று பயப்படுவேன். நான் கூப்பிட்டாலே நர்சம்மா, “ஏனுங்க, இன்னைக்கு எந்தக் கொழந்தை நல்லாருக்குது, அத மொதல்ல சொல்லுங்க” என்பார்.

போன பருவத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பையன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று இருவரும் நம்பினோம்.

வெளியே நாள்கணக்கில் பனிமூட்டம். அறையில் ஜன்னல் கிடையாது, ஒரு குண்டு பல்புதான். அந்த வெளிச்சத்தில் சோற்றுப் பானைக்கே காமாலை வந்த மாதிரி இருக்கும். குழந்தை மஞ்சளாகத் தெரிந்தான். ஆனால் அதே பல்புக்குக் கீழே ஒருமுறை கூலிக்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரைப் பார்த்துப் பயந்து, அவரை ஒரு வாரம் கீழாநெல்லி தின்ன வைத்தவள் நான். என் கண்ணை நானே நம்புவதில்லை.

அந்தப் பெண் குழந்தையை என் முன்னால் நீட்டி, “பீலா, பீலா” என்றாள்.

வாசலில் நின்ற ரைட்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பாத்தீங்களாக்கா, பெத்தவளுக்கே தெரிஞ்சுபோச்சு, நீங்க உடறது பூராவும் பீலான்னு.”

பக்கத்து அறைகளிலும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலேதான். ‘சலோ’, ‘ஜல்தி’ என்ற இரண்டே இந்திச் சொல்லை வைத்து எஸ்டேட்டையே ஓட்டும் மனிதர் சொல்லும் அர்த்தம் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. ஒரு பச்சைப் பிள்ளைக்காரி என்னைப் புளுகி என்கிறாளே என்ற ரோசத்தில் கிளம்பிவிட்டேன்.

காப்பி உலர்த்தும் களம்வரை வந்திருப்பேன். பின்னாலேயே அவள் குழந்தையோடு ஓடி வந்து என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பகல் வேளையில் தாலி அறுக்க வந்துவிட்டாள் என்று கத்தப் போனேன். அவளோ, காலையில் நான் மஞ்சள் பூசிய கயிற்றை விரலால் தேய்த்துக் காட்டி “பீலா” என்றாள். பிறகு குழந்தையின் நெஞ்சைத் தொட்டாள்.

“பீலா.”

வெள்ளைப் பனி வெளிச்சத்தில் பார்த்தேன். நெஞ்சு, கண், உள்ளங்கால் எல்லாம் அதே கயிற்று மஞ்சள். அவள் மார்பில் வைத்தும் வாய் திறக்காமல் துவண்டு கிடந்தான்.

ரைட்டரைக் குறை சொல்ல மாட்டேன். என் முகத்தைப் பார்த்தவர் உடனே ஜீப்பை எடுத்தார். ஏற்காடு போகும்வரை வாயே திறக்கவில்லை. அது ஒரு உபகாரம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். ஏரிக்கரையில் வெயில் காயும் டூரிஸ்ட் மாதிரி கிடந்தான். இன்னும் தாமதித்திருந்தால் காமாலை மூளையைத் தொட்டிருக்கும் என்றார் நர்சம்மா. அதை அந்தப் பெண்ணுக்கு எந்த மொழியில் சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் என் மடியில் வைத்திருந்தபோது மூத்திரம் போனான். அதுவும் மஞ்சளோ என்ற பயத்தில் நனைந்த சேலையோடு நர்சம்மாவிடம் ஓடினேன்.

“தண்ணியாட்டந்தான் இருக்குதுங்க. தேறிட்டான். போயி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையன் மடக்மடக்கென்று இழுத்தான். இத்தனை வேகமாகக் குடிக்கிறானே, புரையேறாதா?