ரோட்டைப் பார்த்து நின்ற சோலார்

அம்பத்தூரில் ஓலைக்கொட்டகையில், ஒரே ஒரு வெல்டிங் மிஷினோடு ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு எஸ்டேட்டில் சொந்த ஷெட். ஆவடியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் என் பட்டறையில் செய்த கேட் ஒன்று உங்கள் கண்ணில் படும். பூந்தமல்லியில் எங்கள் சபைக்கு இரும்புக் கூரை போட்டுக் கொடுத்தது யார்? நான். பட்டாபிராமில் மாடி வீடு. அது போதாதென்று சென்னீர்குப்பம் தாண்டி, திருமழிசை போகிற வழியில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு லீவு பங்களா. அதில் நீச்சல் குளம்! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியது இவ்வளவும்.

வாராவாரம் இந்தப் பத்தியில் இதையெல்லாம் படித்துச் சலித்திருப்பீர்கள். இந்த வாரம் ஏன் முதலிலேயே சொல்லிவிட்டேன் தெரியுமா? கீழே எழுதப்போவதை எழுதிய பிறகு இதைச் சொல்ல எனக்கு முகம் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பம் பங்களாவுக்குச் சாப்பிட வந்தது. என் சின்ன மகளை அவர் மகனுக்குக் கொடுக்கிறோம். பொங்கல் கழிந்து கல்யாணம். சம்பந்தி பெயர் தேவசகாயம். ஆவடி பாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. திருநெல்வேலிக்காரர் — இத்தனை வருஷம் ஆவடித் தண்ணீர் குடித்தும் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

என் மனைவி எஸ்தர் மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் கால் மடங்கவில்லை. டாக்டர் சொன்னார், “வெதுவெதுப்பான தண்ணியில தினமும் நடக்க வைங்க. பச்சைத் தண்ணி மட்டும் ஆகாது, தசை இறுகிடும்.” எஸ்தருக்கு ஒரே ஆசைதான். மகள் கல்யாணத்தன்று சர்ச் வாசலிலிருந்து முன் பெஞ்சு வரைக்கும் தன் காலால் நடக்க வேண்டும்.

குளம்தான் இருக்கிறதே! தண்ணீரைச் சூடாக்க வேண்டும், அவ்வளவுதானே? கரண்டா, சோலாரா?

“கரண்ட் ஹீட்டரு போடுங்க சம்பந்தி. சுவிச்சத் தட்டுனா சுடப்போவுது” என்று அப்போதே சொன்னார் தேவசகாயம். எனக்கு அது பிடிக்கவில்லை. சாயங்காலமானால் எங்கள் பக்கம் வோல்டேஜ் விழுந்துவிடும், தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருந்தால் எஸ்தர் பயப்படுவாள் என்று காரணம் சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நிஜக் காரணம் வேறு. கரண்ட் ஹீட்டர் பம்ப் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கும். யார் பார்ப்பார்கள்? சோலார் என்றால் மொட்டை மாடியில் பளபளவென்று நிற்கும்.

சோலார் கம்பெனி ஆள் பலகைகளைத் தெற்கே பார்த்து, கொஞ்சம் படுக்கை வாட்டத்தில் வைக்கச் சொன்னார். தெற்கே என்ன இருக்கிறது? எருமை மேய்கிற வயல்! எருமைக்கா காட்டுவது? ரோடு வடக்கே. ஸ்டாண்டு செய்வது என் பட்டறை. சினிமா பேனர் மாதிரி நெட்டுக்குத்தலாக, வடக்கே பார்த்து நிறுத்தினேன். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

இதற்காகவே பங்களாவில் வந்து தங்கினோம். எஸ்தர் தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குவாள். நான் கரையில் நின்று, “எப்டிகீது தண்ணி?” என்பேன். “நல்லாத்தாங்க கீது” என்பாள். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தத் தண்ணீரில் நான் விரலைக்கூட வைத்ததில்லை. கட்டினவன் எதற்கு இறங்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் உள்ளே விட்டார்.

“ஏ யம்மா!”

விட்ட வேகத்தில் காலை எடுத்துக்கொண்டார். “என்ன சம்பந்தி, ஐசாலா கெடக்கு! இதையா வெந்நீருன்னு சொன்னிய? மதினி இதுக்குள்ளயா தெனமும் எறங்குதாவ?”

“இன்னா சம்பந்தி, வெளாடுறீங்களா? வெயில்ல ஒக்காந்துட்டு கால வெச்சா அப்டித்தான் இருக்கும். எஸ்தரு, நீயே சொல்லு.”

எஸ்தர் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். மடியில் கிடந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“சொல்லேம்மே!”

“பச்சத்தண்ணிதாங்க.”

“இன்னிக்கா?”

“எறங்கன நாள்லேர்ந்து.”

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

“ஏம்மே எங்கிட்ட சொல்லல?”

“எப்டிச் சொல்றது? கறிக்கடைக்காரர்லேர்ந்து பாஸ்டர் வரிக்கும், என் பொண்டாட்டி வெந்நீர்ல நடக்கறா, வெந்நீர்ல நடக்கறான்னு சொல்லி வெச்சிகீறீங்க. நான் போயி பச்சத்தண்ணின்னா உங்க மொகம் இன்னாத்துக்காவும்?”

குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். மார்கழித் தண்ணீர். எலும்பு வரைக்கும் ஏறியது. இதிலா இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்... நான் கரையில் சட்டையோடு நின்றுகொண்டு “நல்லா நட, நல்லா நட” என்று மேய்த்தேன்?

சம்பந்தி என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். உச்சி வெயில். வெயில் முழுக்கப் பலகையின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பக்கம் ஜில்லென்று நிழல்.

“மார்கழி மாசம் சூரியன் தெக்க சாஞ்சுலா போவுது. இது எங்க பாக்கு சம்பந்தி?”

“ரோட்டப் பாக்குது.”

“ஏன், சூரியன் பஸ்ஸுலயா வருது?”

சிரிக்காமல்தான் கேட்டார். எனக்குத்தான் படியில் இறங்கும்போது கால் மடங்கவில்லை.

கிளம்பும்போது சம்பந்தியம்மா எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு, “வருத்தப்படாதிய மதினி. கல்யாணத்துக்குச் சக்கர நாற்காலி ஒண்ணு ஏற்பாடு பண்ணிருதோம்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எஸ்தர், “வேணாங்க” என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். பீற்றிக்கொள்கிறவனுக்கு என்ன கஷ்டம்? வாயைத் திறந்தால் வேலை முடிந்தது. அவன் சொன்னதைப் பொய்யாகாமல் காப்பாற்றுகிற பாரம் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. அவன் வீட்டில் எத்தனை பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு “நல்லாத்தான் இருக்கு” என்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, நானே ஸ்டாண்டை அறுத்தேன். தெற்கே திருப்பி, சரித்து, நானே வெல்டிங் வைத்தேன். தண்ணீரை இடுப்பளவுக்குக் குறைத்தோம், சீக்கிரம் சூடேறட்டும் என்று. மேகம் மூடுகிற நாளுக்கு ஒரு கரண்ட் ஹீட்டரும் வாங்கி பம்ப் ரூமில் மாட்டியாயிற்று. வெளியிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் போகட்டும்.

நேற்று, லுங்கியோடு முதலில் நான் இறங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகுதான் எஸ்தரைக் கைபிடித்து இறக்கினேன். டாக்டர், முட்டி முன்னைவிட இறுகித்தான் இருக்கிறது, பார்க்கலாம் என்கிறார். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. “நடந்துடுவேங்க” என்கிறாள் எஸ்தர். இந்தத் தடவை அவள் எனக்காகச் சொல்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடப்பாள். அன்றைக்கு எல்லாரும் டாக்டரைச் சொல்வார்கள். சபையார் ஜெபத்தைச் சொல்வார்கள். சம்பந்தி, தான் காலை விட்டதைச் சொல்வார். சொல்லட்டும். ஆனால், பலகையைத் தெற்கே திருப்பியது நான். அதை யாரும் விட்டுவிடக் கூடாது.

வடக்கே திருப்பி வைத்தவனும் நானே என்று சேர்த்துச் சொன்னாலும் சரி — இரண்டிலும் என் பெயர் வர வேண்டும்!